கரைவலையில் வந்த தூக்கம்

வாடைக் காற்று ஓய்ந்து, கச்சான் காற்று இன்னும் எழும்பாமல், கடல் எண்ணெய் ஊற்றியதுபோல் அசைவில்லாமல் கிடந்த ஒரு பங்குனியில், சாளைக்கென்று வளைத்த வலையில் குப்பையும் நெத்திலிக்கென்று வளைத்த வலையில் வெறும் சொறிமீனுமாக ஏறி, மாதாவே எங்களை மறந்துவிட்டாளா என்று ஊர் கேட்கத் தொடங்கியிருந்த நாட்களில், எங்கள் கரைவலையின் மடிப்பையில் மோட்சராக்கினியின் தூக்கம் வந்து விழுந்தது.

அது அவளுடையது என்று அப்போது யாருக்கும் தெரியாது. அவளுக்கே தெரியாது. தெரிந்திருந்தால் எல்லாம் வேறு மாதிரி நடந்திருக்கும் என்று ஊரில் சிலர் இன்றைக்கும் சொல்கிறார்கள். நடந்திருக்காது.

மோட்சராக்கினி எங்கள் கடற்கரையில் மீன் ஏலம் கூறுகிறவள். பொம்பளை ஏலம் கூறுவதா என்று ஆரம்பத்தில் முகம் சுளித்தவர்கள், அவள் குரல் மணலைத் தாண்டி, ஐஸ் கம்பெனி மதிலைத் தாண்டி, கோயில் கொடிமரம் வரைக்கும் போய்த் திரும்பி வருவதைக் கேட்டபின் வாயை மூடிக்கொண்டார்கள். அந்தக் குரலுக்கு வேண்டியவர் வேண்டாதவர் கிடையாது. மூன்றாம் தரம் சொல்லிவிட்டாளென்றால் சொன்னதுதான். சொந்த நாத்தனார் கெட்டுப்போன கணவாய் மீனைத் தெரியாமல் ஏலத்தில் எடுத்துவிட்டு மணலில் உட்கார்ந்து அழுதபோதும், "கண்ணத் தொறந்து வச்சுல்லா கேட்டிருக்கணும் மைனி" என்று சொல்லிவிட்டு அடுத்த கூறுக்குப் போனவள். புருஷன் சேசையா கேரளத்துப் படகுகளில் தங்கி வேலை பார்த்து, கிறிஸ்மஸுக்கும் மாதா திருவிழாவுக்கும் மட்டும் வந்துபோகிறவர். ஒரே மகள் ஜெனிட்டாவை உள்ளூரிலேயே சவேரியார் தெருவில் கட்டிக்கொடுத்திருந்தாள். அவளுக்குத் தலைப்பிள்ளை ஆணாகப் பிறந்து, பேறுகாலம் முடிந்து, புருஷன் வீட்டுக்குத் திரும்பிப் போயிருந்தாள்.

நாற்பத்தெட்டு வயதில் மோட்சராக்கினியின் உடம்பு அவளிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் வீட்டைக் காலிபண்ண ஆரம்பித்தது. மாசத்துக்கு ஒருமுறை வந்துகொண்டிருந்தது இருமுறை வந்தது, பிறகு பல மாசம் எட்டியே பார்க்கவில்லை, பிறகு ஏலம் கூறிக்கொண்டு நிற்கும்போதே மதகு திறந்ததுபோல் வந்தது. உள்ளங்காலில் பற்றிய ஒரு சூடு முழங்கால் வழியாக, இடுப்பு வழியாக, மார்பு வழியாக ஏறிக் காது மடலில் வந்து நின்று எரிந்து, எரிந்த இடமெல்லாம் வேர்த்து ஊற்றி, வேர்வை காய்வதற்குள் குளிர் பிடித்து உதற, அவள் சேலையை உதறிப் போடுவதும் இழுத்துப் போர்த்துவதுமாகக் கிடந்தாள். தூக்கம் முதலில் நடுவில் அறுந்தது. பழைய வலை அறுவதுபோல ஒரு கண்ணி விட்டு, அதிலிருந்து அடுத்த கண்ணி விட்டு, கடைசியில் கையில் பிடிக்க ஓரக்கயிறு மட்டும் மிஞ்சி, அந்தக் கயிறும் ஒருநாள் இல்லாமல் போயிற்று.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் புதிதாக வந்திருந்த டாக்டர் கயல்விழியிடம் போனாள்.

"கொட்டக்கொட்ட முழிச்சிக் கிடக்கேன் டாக்டரம்மா. பேய்க்கோளாறோன்னு மந்திரிச்சுக் கயிறும் கட்டியாச்சு."

"பேயும் இல்ல, கோளாறும் இல்லம்மா. மாசவிலக்கு நிக்கப்போற காலம். உடம்புக்குள்ள ஹார்மோன் ஏறி இறங்குது. தூக்கம்தான் முதல்ல அடிவாங்கும்."

டாக்டர் நல்ல பெண். அவசரப்படாமல் எல்லாம் சொன்னாள். மத்தியானத்துக்குமேல் டீ, காப்பி குடிக்காதீர்கள். ராத்திரிச் சாப்பாட்டை வெளிச்சம் இருக்கும்போதே முடியுங்கள். பருத்தித் துணி உடுத்துங்கள், படுக்கிற அறையைக் குளிர்ச்சியாக வையுங்கள். தூங்கினாலும் தூங்காவிட்டாலும் தினம் ஒரே நேரத்துக்கு எழுந்திருங்கள். தூக்கம் வரவில்லையென்றால் படுக்கையிலேயே கிடந்து புரளாதீர்கள், எழுந்து வேறு இடத்தில் உட்கார்ந்துவிட்டு, கண் சொருகும்போது வந்து படுங்கள். மாத்திரையும் இருக்கிறது, ஆனால் உங்களுக்கு ரத்தக்கொதிப்பு இருப்பதால் பெரியாஸ்பத்திரியில் சோதனை செய்து பார்த்துத்தான் தரவேண்டும்.

"இதெல்லாம் செஞ்சா எப்ப வரும்?"

"சொல்ல முடியாதும்மா. சிலருக்குச் சீக்கிரமே சரியாகும். சிலருக்கு வருஷக்கணக்கா இழுக்கும்."

"அதுவரைக்கும் நான் இருக்கணும்லா."

டாக்டர் அடுத்த சீட்டைக் கையில் எடுத்தாள். வெளியே வரிசை நீண்டிருந்தது.

மோட்சராக்கினி சொன்னபடியெல்லாம் செய்தாள். டீயை விட்டாள். ஈரச் சாக்கை ஜன்னலில் தொங்கவிட்டாள். கண் சொருகும்போது வந்து படு என்றாளே டாக்டர், அந்தச் சொருகல் மட்டும் வரவேயில்லை. ஏலத்தில் ஒருநாள் முதல் தரம் சொல்லிவிட்டு நேராக மூன்றாம் தரத்துக்குத் தாவினாள். இன்னொரு நாள் யார் கேட்டது என்று மறந்து நின்றாள். ஊர்க்கமிட்டித் தலைவர் லியோன் தனியாகக் கூப்பிட்டு, "மோட்சம், கோவிச்சுக்கிடாத. இன்னொரு தடவ இப்பிடி ஆச்சுன்னா வேற ஆளத்தான் பாக்கணும்" என்றார். அன்றைக்குப் பக்கத்துவீட்டு ஜெசிந்தாவிடம் அவள் சொன்னாள்: "ஒரே ஒரு தடவ, அடிச்சுப்போட்ட மாதிரி தூங்கி எந்திரிச்சிட்டேன்னா போதும்ட்டி. அதுக்கப்புறம் என்னையக் குழியில வச்சாலும் சரிதான்."

"குழியில வச்சா தூக்கத்துக்கு என்னக்கா கொறச்சல்" என்று ஜெசிந்தா சிரித்தாள். "அங்க எந்த யாவாரி வந்து எழுப்பப்போறான்?"

மோட்சராக்கினியும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே கடலைப் பார்த்ததை ஜெசிந்தா கவனித்தாள். கவனித்ததாக அப்புறம்தான் சொன்னாள்.

வலை ஏறியது மறுநாள் காலையில். இரண்டு பக்கமும் ஆட்கள் கயிறு பிடித்து, ஏலேலோ போட்டு இழுத்து, மடி கரைக்கு வந்ததும் எல்லாரும் குனிந்து பார்த்தார்கள். மீன் ஒன்றும் இல்லை. பாய் அகலத்துக்கு ஒன்று சுருண்டு கிடந்தது. சிப்பியின் உட்பக்கம்போல் மினுமினுத்தது; கண் இல்லை, செவுள் இல்லை, செதில் இல்லை; வெயிலில் காய்ந்து அப்போதுதான் மடித்த போர்வையின் வாசம் அடித்தது. முதலில் தொட்ட தொம்மை கொட்டாவி விட்டு, "யம்மா" என்றபடி ஈரமணலில் சாய்ந்தான். அவனை எழுப்பப் போன ரெண்டுபேர் அவன் வயிற்றின்மேல் தலைவைத்துப் படுத்தார்கள். கயிறு பிடித்தவர்கள் பிடித்த வரிசையிலேயே, ஒருவர் தோளில் ஒருவராகச் சரிந்தார்கள். வேடிக்கை பார்க்க வந்த நாய்களும் படுத்தன.

"தூக்கமாக்கும் வந்திருக்கு" என்றார் லியோன், தூரத்தில் நின்றபடி. யாரும் ஆச்சரியப்படவில்லை. கடலில் எது போனாலும் ஒருநாள் கரைக்கு வரும். கப்பல் கதவு வந்திருக்கிறது, பூட்டிய பீரோ வந்திருக்கிறது, ஒருமுறை உயிரோடு ஒரு ஆடு வந்திருக்கிறது. மீன் அல்லாதது எது வலையில் ஏறினாலும் அது மாதா கோயிலுக்கு; பொழுது சாய்வதற்குள் அதை ஏலம் கூறிவிட வேண்டும்; விட்டுவைத்தால் அடுத்த வலைப்பாட்டில் மீன் அண்டாது. இது எங்கள் ஊர்ச் சட்டம்.

மோட்சராக்கினி இல்லாத நாளில் ஏலம் கூறுகிற சூசை வந்தார். முதல் தரம் சொல்வதற்குள் அவர் தாடை தொங்கிவிட்டது. அடுத்து வந்தவர் வாயைத் திறந்தார், கொட்டாவிதான் வந்தது, கொட்டாவி முடிவதற்குள் ஆள் மணலில். பொழுது மேற்கே இறங்கிக்கொண்டிருந்தது. அப்போதுதான் மோட்சராக்கினி வந்தாள். மீன் வரத்து இல்லையென்று வீட்டில் இருந்தவள், விஷயம் கேட்டு நேராகக் கூட்டத்தைப் பிளந்துகொண்டு போய், அந்தப் பொருளின் பக்கத்தில் குத்தவைத்து, அதன் விளிம்பை ரெண்டு விரலால் தூக்கிப் பார்த்தாள், மீனின் செவுளைத் தூக்கிப் பார்ப்பதுபோல. அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை.

"ஏட்டி, ஒனக்கு ஒண்ணும் செய்யலியா?" என்று லியோன் தூரத்திலிருந்து கத்தினார்.

"என்னைய அது என்னத்தச் செய்யும்? என்கிட்டதான் தூக்கமே கெடையாதே."

"அப்ப நீயே கூறு மோட்சம். ஒன்ன மாதிரி ஆள விட்டா வேற நாதி இல்ல."

அவள் மனசு குளிர்ந்துபோயிற்று. வேறு ஆளைப் பார்க்கணும் என்று சொன்ன அதே வாய். இடுப்பில் சேலையைச் செருகிக்கொண்டு, காலை அகட்டி நின்று, கொடிமரம் வரை கேட்கும்படி அவள் கூறினாள். அன்றைக்கு அவள் நாக்கு ஒரு இடத்திலும் பிசகவில்லை. காதில் பஞ்சும் மூக்கில் துணியுமாகத் தூரத்தில் நின்று கேட்டவர்களில், எந்திரச் சத்தத்தில் வருஷக்கணக்காக உறங்காத ஐஸ் கம்பெனி முதலாளி கஸ்பார்தான் கடைசிவரை நின்றார். ஒரு தரம். ரெண்டு தரம். யாராவது உண்டா, யாராவது உண்டா என்று சுற்றிலும் கையை வீசிக் கேட்டாள். அந்தக் கணத்தில் அவளுடைய அடிவயிற்றில் ஏதோ இழுத்ததாம், தொப்புள்கொடி இழுப்பதுபோல. அது இந்த வயதில் வருகிற இழுப்புத்தான் என்று நினைத்துக்கொண்டு, மூணு தரம் என்று முடித்தாள். ஊரே கைதட்டியது.

கஸ்பார் தூங்கினார். மூன்றாம் நாள் விடிகாலையில்தான் எழுந்தார். எழுந்தவர் பல் துலக்காமல், லுங்கியோடு, நேராகக் கடற்கரைக்கு வந்து, ஏலம் கூறிக்கொண்டிருந்த மோட்சராக்கினியின் முன்னால் மணலில் உட்கார்ந்தார். கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

"மோட்சம், ஒங்கம்மைக்கு மேல்வரிசையில முன்பல்லு ஒண்ணு கெடையாதோ?"

"ஒங்களுக்கு எப்பிடித் தெரியும் மொதலாளி? அவ செத்து எம்புட்டோ காலம் ஆச்சே. நீங்க அவளப் பாத்ததே கெடையாதே."

"பாத்தேன். எனக்கு ஆப்பம் சுட்டுத் தந்தா. மஞ்சப் பாவாட கட்டியிருந்தேன். அடுப்புல பாவாட பத்திக்கிட்டு. ஒங்கம்மா வெறுங்கையால அணைச்சா. அணைச்சிட்டு என்னையவே ரெண்டு அடி போட்டா." கஸ்பார் கணுக்காலைப் பிடித்துக்கொண்டு விசும்பினார். "இங்க எரியுது இன்னும்."

மோட்சராக்கினி சேலையைக் கொஞ்சம் தூக்கினாள். அதே கணுக்காலில், அதே இடத்தில், பழைய தழும்பு. கூட்டம் அதைப் பார்த்தது.

"அது என் கனவுல்லா" என்றாள்.

"ஆமா தாயி. ஒன் கனவுதான். ஒன் தூக்கத்துக்குள்ளதான் நான் கெடந்திருக்கேன்."

அன்று மாலையே கோயில் வளாகத்தில் கமிட்டி கூடியது. பங்குச்சாமியாரும் வந்திருந்தார். மோட்சராக்கினி எழுந்து நின்று, என் பொருளை எனக்குக் கொடுத்துவிடுங்கள் என்று ஒரே வாக்கியம் சொன்னாள். லியோன் தாடியைத் தடவிக்கொண்டே கேட்டார்.

"ஒன் பொருள்னு வச்சுக்கிடுவோம். ஏலத்துல விட்டது யாரு?"

"நான்தான்."

"மூணாந்தரம் சொன்னது?"

"நான்தான். தெரியாம சொன்னேன் தலைவரே."

"ஒன் நாத்தனாரும் தெரியாமத்தான் கணவாய எடுத்தா."

கூட்டத்தின் பின்வரிசையிலிருந்து அந்த நாத்தனாரே எழுந்து, "அந்தக் கணவாய விடுங்க தலைவரே, அவளுக்குக் குடுத்துருங்க" என்று கத்தினாள். ஆனால் சட்டம் நாத்தனாரைவிடப் பெரியது. சாமியார், தூக்கம் ஆண்டவர் தருவது, அதற்கு நாமெல்லாம் காவல்காரர்கள் மட்டுமே என்பதுபோல ஏதோ சொன்னார். அது யாருக்குச் சாதகம் என்று யாருக்கும் விளங்கவில்லை.

கஸ்பார் எழுந்தார். "எனக்கும் அது வேண்டாம். ஒரு பொம்பளையோட மொத்தக் கனவையும் ஒரு ஆம்பள சொமக்க முடியாது. நெஞ்சு வெடிச்சிரும்." எல்லார் முகத்திலும் வெளிச்சம் வந்தது. மோட்சராக்கினி ரெண்டு கையையும் நீட்டினாள். "அதனால," என்றார் கஸ்பார், கண்ணைத் துடைத்துக்கொண்டு, "மாதாவுக்கு நேர்ச்சையா ஊருக்கே குடுத்துருதேன். பங்கு வச்சுக்கிடுங்க."

அவர் நல்ல மனசோடுதான் சொன்னார். ஊரும் நல்ல மனசோடுதான் கைதட்டியது. வலையில் வந்ததைப் பங்கு வைப்பதைவிட உயர்ந்த நியாயம் எங்களுக்குத் தெரியாது.

காதில் பஞ்சும் மூக்கில் துணியும் அடைத்து, கையில் சாக்கைச் சுற்றிக்கொண்டு, சுறா அறுக்கிற கத்தியால் அதைத் துண்டுபோட்டார்கள். ரத்தம் வரவில்லை. ஒவ்வொரு வெட்டுக்கும் ஒரு பெருமூச்சு மட்டும் வந்தது. கயிறு பிடித்தவனுக்கு ஒரு பங்கு, வலைக்காரனுக்கு ஒரு பங்கு, விதவைகளுக்கு, நோயாளிகளுக்கு, பிள்ளை பெற்றவளுக்கு என்று வீடு வீடாகப் போயிற்று. ஏலம் கூறியவளுக்கு ஒரு கை மீன் என்பது வழக்கம். அந்த வழக்கப்படி மோட்சராக்கினிக்கும் ஒரு கையகலத் துண்டு கிடைத்தது. அதைத் தலைக்கு வைத்துப் பார்த்தாள், நெஞ்சில் வைத்துப் பார்த்தாள், கடைசியில் காலடியில் போட்டாள். அவளுடைய இடது கால் மட்டும் அன்றைக்கு விடியவிடியத் தூங்கியது. மீதி உடம்பு விழித்துக் கிடந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தது. காலையில் அந்தத் துண்டு கருவாட்டுத் தோல்போலச் சுருங்கிக் கிடந்தது.

அதன்பிறகு எங்கள் ஊர் தூங்கியது. அப்படியொரு தூக்கத்தை எங்கள் ஊர் அதற்குமுன் கண்டதில்லை. கடனுக்குப் பயந்தவர்களும், கடலுக்குப் பயந்தவர்களும், மாமியாருக்குப் பயந்தவர்களும் தூங்கினார்கள். சாராயம் குறைந்தது, சண்டை குறைந்தது, வலை பின்னும் கைகளில் நடுக்கம் குறைந்தது. தூங்கிய எல்லாரும் மோட்சராக்கினியின் கனவைக் கண்டார்கள். படகு வைத்திருக்கிற மீசைக்காரச் சம்மாட்டிகள் கனவில் மஞ்சள் பாவாடை கட்டி ஆப்பத்துக்குக் காத்திருந்தார்கள். பள்ளிக்கூடத்துப் பையன்கள் வயசுக்கு வந்து, கோழி முட்டையும் நல்லெண்ணெயும் குடிக்கமாட்டேன் என்று அழுதார்கள். சாமியார் ஒருநாள் பிரசங்கத்தில், மகளைப் பெறுவது எவ்வளவு வலிக்கும் என்று சொல்லத் தொடங்கி, பாதியில் நிறுத்தி, பீடத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

காலையில் வாசல் தெளிக்கும்போதே மோட்சராக்கினியின் வீட்டுக்குமுன் ஆட்கள் வந்துவிடுவார்கள்.

"யக்கா, நேத்து ஒங்கம்மா வந்தாவ."

"எப்பிடி இருந்தா?"

"நல்லாத்தான் இருந்தாவ. ஒங்களத்தான் கேட்டாவ. மோட்சம் ஏன் இப்பல்லாம் வரமாட்டேங்கிறான்னு."

அவள் வாளியைக் கீழே வைத்துவிட்டு, இன்னும் என்ன சொன்னாள், என்ன சேலை கட்டியிருந்தாள், கையில் என்ன வைத்திருந்தாள் என்று கேட்பாள். அம்மாவை அவள் பார்த்து ரொம்ப நாளாகியிருந்தது. ஊரில் ஆளாளுக்குப் பார்த்துவிட்டு வந்தார்கள்.

ஒருத்தியின் கனவுக்குள் போய் வந்தபிறகு அவளை முன்மாதிரிப் பார்க்க முடியாது. ஊர் அவளைத் தாங்கியது. டீக்கடை அந்திரேஸ் மத்தியானத்துக்குமேல் அவளுக்கு டீ தரமாட்டேன் என்று கண்டிப்பாகச் சொன்னான். டாக்டர் சொன்னது அத்தனையும் அவனுக்குத் தெரிந்திருந்தது. கஸ்பார் தினம் சாயங்காலம் ஒரு ஐஸ் பாளம் அனுப்பினார், அவள் அறையில் வைக்க. பெண்கள் பழைய பருத்திச் சேலைகளைத் துவைத்துக் கொண்டுவந்தார்கள். அவள் தெருவில் இரவில் பைக் ஓட்டக்கூடாது, பட்டாசு வெடிக்கக்கூடாது, நாய் வளர்க்கிறவர்கள் நாயைக் கட்டிப்போட வேண்டும் என்று கமிட்டி தீர்மானம் போட்டது. அவளைப் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வேன் பிடித்தார்கள். அங்கே இப்போதைக்கு மாத்திரை வேண்டாம், ஆறுமாசம் கழித்து வா என்று அனுப்பிவிட்டார்கள். வேனில் திரும்பும்போது கூடவந்த அத்தனைபேரும் அழுதார்கள். எல்லாம் செய்தார்கள். அந்தத் துண்டுகளைத் திருப்பித் தருவதைத் தவிர எல்லாம் செய்தார்கள்.

ஒருநாள் அவளே பையை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போனாள்.

"தரமாட்டேன்னு சொல்லுவேனாக்கா?" என்றாள் ஜெசிந்தா, அவள் கையைப் பிடித்துக்கொண்டு. "மாமியாருக்குக் கண்ணு ஆப்பரேசன் முடியட்டும். அது வரைக்கும் பொறு. வலியில கெடக்காவ."

தொம்மை துண்டை எடுத்தே கொடுத்தான். கொடுத்தவன் வாசல் வரை வந்து, "அத்த, நாளக்கிக் கடலுக்குப் போணும், தூங்காமப் போனா கை நழுவிரும்" என்று நின்றான். அவள் திருப்பிக் கொடுத்தாள். சூசை கதவைத் திறக்கவில்லை. உள்ளேயிருந்து குறட்டை வந்தது. நாத்தனார் தன் பங்கைக் கைக்குட்டையில் பொதிந்து முழுமனதோடு நீட்டினாள். அதை அப்போதே புருஷன்காரன் பிடுங்கிக்கொண்டு போனான். போகும்போது, "தங்கச்சி, நேத்து நீ ஓடிப்பிடிச்சு வெளையாடுனத நெனச்சா இன்னும் சிரிப்பு வருது" என்று பாசமாகச் சொல்லிவிட்டுப் போனான்.

கடைசியில் சவேரியார் தெருவுக்கு வந்தாள். ஜெனிட்டா வாசலிலேயே உதட்டில் விரலை வைத்தாள்.

"மெதுவா வாம்மா. இப்பத்தான் ஒறங்குனான்."

தொட்டிலுக்குள் பேரன் கிடந்தான். பிறந்ததிலிருந்து வீறிட்டுக்கொண்டே இருந்த பிள்ளை. அவன் கன்னத்துக்குக் கீழே சிப்பி நிறத்தில் ஒரு துண்டு. பிள்ளை தூக்கத்தில் எதையோ உறிஞ்சுவதுபோல உதட்டைக் குவித்தான், சிரித்தான், இடது கணுக்காலை உதறினான்.

"நீ கேக்கத்தான் வந்திருக்கேன்னு தெரியும்" என்றாள் ஜெனிட்டா. அவள் கண்ணுக்குக் கீழே இருந்த கருப்பு போயிருந்தது. "எடுத்துக்கோம்மா. ஒன்னோடதுதான்."

மோட்சராக்கினி தொட்டில் விளிம்பைப் பிடித்து மெல்ல ஆட்டிவிட்டாள். "நான் பிள்ளையப் பாக்கத்தான் வந்தேன்" என்றாள். பையை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு திரும்பினாள்.

அதன்பிறகு அவள் யாரிடமும் கேட்கவில்லை. டாக்டர் சொன்னதை மட்டும், நம்பிக்கை இல்லாமல், விடாமல் செய்தாள். வெளிச்சத்தில் சாப்பிட்டாள். ஐஸ் பாளத்தின் பக்கத்தில் உட்கார்ந்தாள். வரவில்லையென்றால் எழுந்து வாசலில் உட்கார்ந்தாள். சாமிக்கு விளக்கேற்றுகிறவளைப்போல, சாமி உண்டா இல்லையா என்ற கேள்வியையெல்லாம் தாண்டிப்போய், தினம் அதே நேரத்தில் பாயை விரித்தாள், அதே நேரத்தில் சுருட்டினாள். கோடை போய் கச்சான் காற்று வந்து, அதுவும் போய், கொண்டல் திரும்பியது. திருவிழாவுக்கு வந்த சேசையா பக்கத்தில் படுத்துத் தன் பங்குக்குக் குறட்டை விட்டுவிட்டுப் போனார்.

பிறகு ஐப்பசியில் ஒருநாள் விடிகாலை, வழக்கமாக எழுந்திருக்கிற நேரம் தாண்டியும் மோட்சராக்கினியின் கதவு திறக்கவில்லை.

படகுகள் வந்துவிட்டன. கூறு கூறாக மீன் மணலில் கிடந்தது, ஏலம் கூற ஆளில்லை. ஆளில்லாத காரணத்தைக் கேட்டு யாரும் ஆள் அனுப்பவில்லை, ஏனென்றால் காரணம் எல்லாருக்கும் தெரிந்திருந்தது. அன்றைக்கு ஊரில் ஒருவரும் தூங்கியிருக்கவில்லை. வீட்டுக்கு வீடு தலைமாட்டில் வைத்திருந்த துண்டு, ஒரே இரவில் ஈரம் வற்றி, மினுமினுப்பு செத்து, தொட்டால் பொடியும் சருகாகப் போயிருந்தது. காய்ந்ததைக் கையில் ஏந்திக்கொண்டு ஒவ்வொருவராக வந்தார்கள். சிவந்த கண்களோடு, பேச்சில்லாமல், அவள் வீட்டுக்குமுன் தெரு நிறைய வந்து நின்றார்கள்.

ஜன்னலில் ஈரச் சாக்கு ஒரு பக்கம் விலகியிருந்தது. அதன்வழியாகப் பார்த்தவர்கள் பார்த்தார்கள்: ஒருக்களித்துப் படுத்து, வாய் லேசாகத் திறந்து, அவள் தூங்கிக்கொண்டிருந்தாள். கன்னத்தின் கீழே ஒரு கைக்குட்டை அளவுக்குப் புதுசாய் ஒன்று முளைத்திருந்தது. பழையதுபோல மினுக்கம் இல்லை. பால் ஆறும்போது மேலே படிகிற ஆடைபோல மெல்லிசு. அவள் மூச்சுவிட்டால் நடுங்கியது.

"வந்துட்டு பாத்தியா" என்றான் அந்திரேஸ், குரலே இல்லாமல். அவன் கண்ணில் நீர் கட்டியிருந்தது.

"யாரும் கதவத் தட்டக்கூடாது" என்றார் லியோன். "தூங்கட்டும். மீனு அழுகுனா அழுகட்டும்."

யாரும் தட்டவில்லை. யாரும் போகவுமில்லை. நாங்கள் அவளை நேசித்தோம். அவள் அம்மாவின் கைச்சூடு எங்கள் எல்லாருக்கும் தெரியும். அவளுக்கு எது வலிக்கும் என்று எங்கள் உடம்புக்கே தெரியும். அப்படித் தெரிந்தவர்கள் அத்தனைபேரும், கண்ணில் மணல் விழுந்ததுபோல எரிய எரிய, அந்தக் கைக்குட்டை அளவுப் பொருளையே பார்த்துக்கொண்டு நின்றோம். சூசை வாய்க்குள், இதை எத்தனை துண்டு போட முடியும் என்பதுபோல எதையோ முணுமுணுத்தார். லியோன் அவரை முறைத்தார். முறைத்துவிட்டு அவரும் ஜன்னலைப் பார்த்தார்.

அப்போது கூட்டத்தின் பின்னாலிருந்து பிள்ளையின் வீறல் கேட்டது. எல்லாரும் விலகி வழிவிட்டார்கள். ஜெனிட்டா வந்தாள். தலை கலைந்து, ரவிக்கை நனைந்து, தோளில் பிள்ளை கைகாலை உதறிக் கதறிக்கொண்டிருக்க, யாரையும் பார்க்காமல், எதையும் யோசிக்காமல், மகள்கள் வருவதுபோல வந்தாள். லியோன் கையை நீட்டித் தடுக்கப் பார்த்தார். அவள் அதற்குள் கதவைத் தட்டிவிட்டாள்.

"யம்மா."

ஒரே ஒருமுறைதான் கூப்பிட்டாள். ஊரே கத்தியிருந்தாலும் ஒருவேளை மோட்சராக்கினி எழுந்திருக்கமாட்டாள். உள்ளே அந்தப் பால் ஆடை நடுவில் கிழிந்ததை ஜன்னலோரம் நின்றவர்கள் பார்த்தார்கள். சத்தமே வரவில்லை.

கதவு திறந்தது. மோட்சராக்கினி கன்னத்தில் பாயின் கோடுகளோடு நின்றாள். தெரு நிறைய நின்ற எங்களை ஒருமுறை பார்த்தாள். எங்கள் கையில் இருந்த சருகுகளைப் பார்த்தாள். பிறகு மகளைப் பார்த்தாள்.

"என்ன மக்கா, பிள்ள ஒறங்கலியா?"

"ஒண்ணுமே செய்ய முடியலம்மா. என்னால முடியலம்மா."

"குடு. நீ போய் உள்ள செத்த நேரம் படு."

பிள்ளையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு, முதுகைத் தட்டியபடி வாசலுக்கு இறங்கினாள். ஜெனிட்டா அவளைத் தாண்டி உள்ளே போய், பாயில் கிழிந்து கிடந்ததன்மேல், அது என்னவென்றுகூடப் பார்க்காமல், விழுந்து, விழுந்த கணத்திலேயே தூங்கிப்போனாள்.